நட்சத்திரப் பொருத்தம் பார்ப்பது எப்படி?

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்க வேண்டும். கமாண்ட் ப்ராம்ப்டுக்கு ஒரே ஒரு பொருத்தம் போதும். கீபோர்டில் 8-ன் தலைமேல் உட்கார்ந்திருக்கிறதே, அந்த நட்சத்திரம். ‘டிர்’ என்ற கட்டளையோடு அதைப் போட்டு, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, ஃபைலின் வாலை மூன்று எழுத்தில் எழுதி என்டரைத் தட்டினால், யார் யார் பொருந்துகிறார்கள் என்று விண்டோஸ் வரிசையாகச் சொல்லிவிடும். நீங்கள் அழைத்தவர்கள் வருவார்கள். அழைக்காதவர்களும் வருவார்கள். பந்தியில் உட்காருபவர் பெண் வீடா, பிள்ளை வீடா என்று விசாரிக்கும் வழக்கம் அதற்குக் கிடையாது.

இந்தக் கலையில் எனக்குத் தேர்ச்சி உண்டு. ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில், மார்ச் மாதக் கடைசியில், ஒரே வரியில் 824 ஃபைல்களை அழித்தவன் நான். அழிக்க நினைத்தது 412. இரட்டிப்பு மகசூல் எப்படிக் கிடைத்தது என்று இன்றும் கேட்கிறார்கள். நாலு பேருக்குப் பயன்படட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். தமிழில் தட்டினால் அப்படியொரு கட்டளையே இல்லை என்று முறைக்கும், எதையும் அழிக்காது. யோசித்துப் பார்த்தால் இந்தக் கையேட்டில் ஆபத்தே இல்லாத வழி அது ஒன்றுதான்.

முதல் படி: நம்புங்கள்

வைல்ட்கார்டு என்ற பெயர் சீட்டுக்கட்டிலிருந்து வந்தது. ரம்மி ஆடுகிறவர்களுக்கு ஜோக்கர் என்றால் போதும், புரிந்துவிடும். * என்றால் எத்தனை எழுத்தானாலும் சரி. ? என்றால் ஏதாவது ஓர் எழுத்து. கம்ப்யூட்டர் சென்டரில் இவ்வளவுதான் சொல்லிக் கொடுத்தார்கள். நீங்களும் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேற்கொண்டு தெரிந்துவிட்டால் கை நடுங்கும், நடுங்கும் கையால் துணிந்து என்டர் தட்ட முடியாது.

நான் நடுங்காத கையோடு இருந்த காலம் அது. 2007-ம் வருட ஆபிஸ் பதிப்பில் எக்ஸெல் ஃபைலுக்குப் புது வால் முளைத்தது. அதுவரை எக்ஸ்எல்எஸ் என்று மூன்று எழுத்து. அதன்பிறகு எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று நான்கு. எங்கள் அலுவலகம் இந்த நாலாவது எழுத்தை ஒப்புக்கொள்ளப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. ஒருவழியாகப் பழைய எக்ஸெல் போய்ப் புது எக்ஸெல் வந்ததும், கணக்கு பார்க்கும் அக்காவும் நானும் உட்கார்ந்து பழைய ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, ‘சேவ் ஆஸ்’ கொடுத்து, புது வாலில் மாற்றினோம். இரண்டு வாரம். 412 பழசு, அதே ஃபோல்டரில் 412 புதுசு.

ஆடிட்டர் சார் எட்டிப் பார்த்தார். “என்னடா, எல்லாம் ரெண்டு ரெண்டாக் கிடக்கு? பழசை எடுத்துடு.”

“நான் வேணா ஒவ்வொண்ணா செலக்ட் பண்ணி அழிச்சிடவா தம்பி?” என்று அக்கா கேட்டார்.

“எதுக்குக்கா கஷ்டம்? ஒரே வரி.”

கறுப்புத் திரையைத் திறந்தேன். ஃபோல்டருக்குள் போனேன். ‘டெல் *.எக்ஸ்எல்எஸ்’ என்று தட்டினேன். அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதால் என்டரைக் கொஞ்சம் ஓங்கியே தட்டினேன்.

ஒரு விஷயத்தைக் கவனித்து வையுங்கள். ‘டெல் *.*’ என்று மொத்தத்தையும் அழிக்கச் சொன்னால் விண்டோஸ் ஒருமுறை கேட்கும், நிச்சயமாகவா, ஒய்யா என்னா என்று. வாலைக் குறிப்பிட்டு அழிக்கச் சொன்னால் அதைக்கூடக் கேட்காது. குறிப்பாகச் சொல்கிறவனுக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்று மரியாதை வைத்திருக்கிறது. ரீசைக்கிள் பின்னுக்கும் அனுப்பாது. மவுஸில் அழித்தால்தான் குப்பைக்கூடை. கட்டளையில் அழித்தால் நேரே காடுதான். இத்தனைக்கும் திரையில் ஒரு வரிகூட வரவில்லை. அடுத்த கட்டளைக்காக அந்தச் சின்னக் கோடு கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

அக்கா எக்ஸ்ப்ளோரரில் ஃபோல்டரைத் திறந்தார். இந்த ஃபோல்டர் காலியாக உள்ளது என்றது.

“எதுப்பா பழசு?” என்றார்.

இரண்டாம் படி: செல்லப்பெயரை விசாரிக்காதீர்கள்

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஜாதகத்தில் ஒரு பெயர் இருக்கும், கூப்பிடுவது இன்னொரு பெயராக இருக்கும். ஜாதகத்தில் வெங்கடசுப்பிரமணியன் என்று இருப்பவன் தெருவுக்கு மணி. விண்டோஸில் பெரும்பாலான ஃபைல்களின் நிலையும் இதுதான். நீங்கள் வைத்த நீளமான பெயர் ஒன்று. உங்களைக் கேட்காமல் விண்டோஸே வைத்த குட்டிப் பெயர் இன்னொன்று. குட்டிப் பெயரில் அதிகபட்சம் எட்டு எழுத்து, ஒரு புள்ளி, வாலில் அதிகபட்சம் மூன்று எழுத்து. இதை 8.3 என்பார்கள்.

நட்சத்திரம் போட்டுத் தேடும்போது இரண்டு பெயர்களில் எது பொருந்தினாலும் பொருத்தம்தான். கூசாமல் முழுப்பெயரை மட்டும் காட்டி, இதோ வந்துவிட்டார் என்று நிறுத்திவிடும். எந்தப் பெயரை வைத்துப் பொருத்தினேன் என்று சொல்லாது.

‘டிர் /எக்ஸ்’ என்று தட்டினால் இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் வரும். கையேட்டின் நோக்கம் கெட்டுவிடும் என்பதால் நீங்கள் இதைச் செய்யக் கூடாது. நான் செய்தேன், எல்லாம் முடிந்த பிறகு, வேறொரு ஃபோல்டரில். மார்ச் என்ற பெயரில் பழைய ஃபைல் ஒன்று, புது ஃபைல் ஒன்று. பழைய ஃபைலின் வரியில் குட்டிப் பெயருக்கான இடம் காலி. ஐந்து எழுத்துப் பெயர், மூன்று எழுத்து வால், அதுவே 8.3-க்குள் அடங்கிவிடுகிறது. தனியாக ஒரு செல்லப்பெயர் தேவையில்லை. புது ஃபைலுக்கு வாலில் நான்கு எழுத்து, அடங்காது. அதனால் அந்த வரியில் ‘மார்ச்~1.எக்ஸ்எல்எஸ்’ என்று ஒரு குட்டிப் பெயர் உட்கார்ந்திருந்தது. வாலின் நாலாவது எழுத்தை வெட்டிவிட்டுத்தான் அந்தப் பெயர். ‘*.எக்ஸ்எல்எஸ்’ என்று நான் கேட்டபோது பழைய மார்ச் தன் சொந்தப் பெயரில் வந்தது. புது மார்ச் செல்லப்பெயரில் வந்தது. இரண்டையும் ஒரே சிதையில் வைத்தேன்.

இதே முறையில் எச்டிஎம் என்றால் எச்டிஎம்எல் கூடவே வரும். டாக் என்றால் டாக்எக்ஸ் வரும். பிபிடி என்றால் பிபிடிஎக்ஸ் வரும். எதிர்த்திசையில் வராது. நான்கு எழுத்து வாலைக் கேட்டால் குட்டிப் பெயரில் நான்கு எழுத்துக்கு இடமே இல்லை, ஆகவே சரியாக அந்த வால்தான் வரும். அதாவது புதியவற்றை மட்டும் அழிக்க வேண்டுமா, ஒரே வரி போதும், ஒரு பிசகும் நேராது. பழையவற்றை மட்டும் அழிப்பதுதான் வம்பு. வாழ்க்கையில் புதியதை மட்டும் அழிக்கச் சொல்லி யாரும் என்னிடம் கேட்டதில்லை.

இதற்கு யாரைத் திட்டுவது?

தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. மேலதிகாரி கேட்கும்போது அரை மணி நேரம் சரித்திரம் பேசலாம், கோபம் தணியும்.

1974-ல் கேரி கில்டால் சிபி/எம் என்ற இயங்குதளத்தை எழுதினார். ஃபைல் பெயருக்கு எட்டு, வாலுக்கு மூன்று என்று அதில் கணக்கு. 1980-ல் சியாட்டிலில் டிம் பேட்டர்சன் எழுதிய 86-டாஸ் அதே கணக்கைப் பின்பற்றியது. மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி அதோடு வெளியே வந்தது. வட்டில் ஒவ்வொரு ஃபைலுக்கும் 32 பைட் கொண்ட ஒரு வரி. அதில் பெயருக்கு 11 பைட். எட்டும் மூன்றும் பதினொன்று. புள்ளிக்கு இடமில்லை, அதை எழுதி வைப்பதே இல்லை. எட்டாவது எழுத்துக்கும் ஒன்பதாவது எழுத்துக்கும் நடுவே புள்ளி இருப்பதாக நாம் நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தக் காலத்து நட்சத்திரம் இன்னும் வேடிக்கை. மைக்ரோசாஃப்டில் நெடுங்காலமாக இருக்கும் ரேமண்ட் சென் இதை விளக்கி எழுதியிருக்கிறார். நட்சத்திரத்தைப் பார்த்ததும் டாஸ் அந்த இடத்திலிருந்து கட்டம் முடியும்வரை கேள்விக்குறிகளை நிரப்பிவிடும். *.* என்றால் எட்டுக் கேள்விக்குறி, மூன்று கேள்விக்குறி. நட்சத்திரத்துக்குப் பின்னால் நீங்கள் ஏதாவது எழுதினால் அதற்கு இடமே மிச்சமிருக்காது, காற்றோடு போகும். ‘*கணக்கு’ என்று கேட்டாலும் வெறும் நட்சத்திரம் போட்டுக் கேட்டாலும் டாஸுக்கு ஒன்றுதான். நீங்கள் பேசி முடிக்கும் முன்பே தலையாட்டிவிட்டுக் கிளம்பும் ஆபிஸ் பையனைப் போல.

1993-ல் விண்டோஸ் என்டி 3.1 வந்தது. அதன் என்டிஎஃப்எஸ் ஃபைல் அமைப்பில் பெயருக்கு 255 எழுத்து வரை இடம். 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்து வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கும் நீளப் பெயரைக் கொடுத்தது. ஆனால் பழைய புரோகிராம்கள் எட்டும் மூன்றும் தவிர வேறு அறியாதவை. அவற்றை அம்போவென்று விட முடியாது. ஆகவே ஒவ்வொரு நீளப் பெயருக்கும் நிழலாக ஒரு குட்டிப் பெயர். பெரியவர் யாராவது வந்தால் அவருக்குப் புரிகிற பெயரைச் சொல்லலாமே என்ற நல்லெண்ணம்தான். அந்தப் பெரியவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுக்காக வைத்த பெயரில் என் ஃபைல்கள் போயின.

மூன்றாம் படி: ஒன்றாம் எண்ணைத் தேடுங்கள்

முதல் இரண்டு படிகளில் தேறியவர்களுக்கு இது. பெயரில் 1 உள்ள ஃபைல்கள் மட்டும் வேண்டும், முதல் காலாண்டுக் கணக்கு என்று வையுங்கள். ‘டிர் *1*’ என்று தட்டுங்கள். பொங்கல் பட்டியல் வரும். சம்பளப் பட்டியல் வரும். ஒன்று என்ற எண்ணையே வாழ்நாளில் பார்த்திராத ஃபைல்கள் எல்லாம் வந்து நிற்கும். குட்டிப் பெயர்களை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலானவை அலைக்குறி போட்டு 1 என்றுதானே முடிகின்றன.

எங்கள் அலுவலகத்தில் எந்த ஆவணமும் ஒருமுறையில் முடிந்ததில்லை. ‘பேலன்ஸ் ஷீட் ஃபைனல்’ என்று ஒன்று இருக்கும். பிறகு ‘பேலன்ஸ் ஷீட் ஃபைனல் நியூ’. பிறகு ‘பேலன்ஸ் ஷீட் ஃபைனல் கரெக்டட்’. பிறகு ‘பேலன்ஸ் ஷீட் ஃபைனல் சார் சொன்னது’. விண்டோஸ் இவற்றின் இடைவெளியை நீக்கி, ஆங்கிலத்தில் முதல் ஆறு எழுத்தை எடுத்து, பிறந்த வரிசையில் ~1, ~2, ~3, ~4 என்று போடும். நான்கு பிள்ளைகள் வரை பொறுமை. ஐந்தாவதாக ‘பேலன்ஸ் ஷீட் ஃபைனல் இதுதான்’ என்று ஒன்று வந்தால் அதற்கு அலுத்துவிடும். முதல் இரண்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு, முழுப்பெயரிலிருந்து ஏதோ கணக்குப் போட்டு நான்கு இலக்கம் எடுத்துச் சொருகி, மறுபடி ~1 என்று முடிக்கும். அந்த நான்கு இலக்கம் 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் கலந்து வரும் பதினாறடிமான எண். என்ன வரும் என்று பெயரைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. இனிமேல் எண்ணைத் தேடினாலும் ஆபத்து, எழுத்தைத் தேடினாலும் ஆபத்து.

தமிழில் ஃபைல் பெயர் வைக்கும் கொள்கை உடையவர்கள் தனியாகக் கவனிக்கவும். என் கம்ப்யூட்டரில் அப்படி ஒரு ஃபைலின் குட்டிப் பெயரைப் பார்த்தேன். தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. நான்கு இலக்கம், அலைக்குறி, 1. கைதி எண் மாதிரி இருந்தது.

இதே ஃபைலை வேறு ஃபோல்டருக்கு நகலெடுத்தால் குட்டிப் பெயர் மாறினாலும் மாறும். அங்கே யார் முன்னால் பிறந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நேற்று ~1, இன்று ~3. ஆகவே நேற்றுச் சரியாக வேலை செய்த கட்டளை இன்று வேறு ஃபைல்களைத் தூக்கும். ஒரே கட்டளை, ஒரே பெயர்கள், வெவ்வேறு விளைவு. உங்களைப் பைத்தியம் என்று பக்கத்து சீட்டுக்காரர் முடிவு கட்டுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

கேள்விக்குறியும் புள்ளியும்

கேள்விக்குறி ஓர் எழுத்து என்று சொல்லிக்கொடுத்தார்களே, அதையும் முழுக்க நம்புங்கள். ‘பில்??’ என்று போட்டு, கூடவே புள்ளியும் வாலும் எழுதினால், பில் என்ற சொல்லுக்குப் பின்னால் சரியாக இரண்டு இலக்கம் உள்ளவை மட்டும் வரும் என்றுதானே நினைப்பீர்கள்? பில்10 வரும். பில்7-ம் வரும். வெறும் பில்லும் வரும். புள்ளிக்கு முன்னால் வந்து நிற்கும் கேள்விக்குறி, ஆள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று போய்விடும். பழைய பதினொரு கட்டத்தில் காலி இடமும் ஒரு எழுத்துத்தானே, அந்தப் பழக்கம்.

*.* என்றால் புள்ளி உள்ளவை என்று நினைத்தால் அதுவும் பிழை. புள்ளியே இல்லாத ஃபைலும் வரும். புள்ளி இல்லாதவை மட்டும் வேண்டுமென்றால் ‘*.’ என்று போட வேண்டும். அதாவது புள்ளி வைத்தால்தான் புள்ளி இல்லாதவர்கள் வருவார்கள். இதை நான் அக்காவுக்கு விளக்கியபோது அவர் டிபன் பாக்ஸை மூடிவிட்டார்.

நான்காம் படி: ஒத்திகை ஓர் இடம், அரங்கேற்றம் ஓர் இடம்

இவ்வளவு கேட்ட பிறகும், சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் அழிப்பேன் என்று சிலர் அடம் பிடிப்பீர்கள். சரி. சோதனையை டி ட்ரைவில் வைத்துக்கொள்ளுங்கள். குட்டிப் பெயர் வைப்பதும் வைக்காததும் ஒவ்வொரு ட்ரைவுக்கும் தனி அமைப்பு. விண்டோஸ் குடியிருக்கும் சி-யில் பெரும்பாலும் வைக்கும். மற்றவற்றில் வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம். வைக்காத ட்ரைவில் ‘*.எக்ஸ்எல்எஸ்’ என்று கேட்டால் எக்ஸ்எல்எஸ் மட்டும் வரும், உங்கள் சோதனை அமோகமாக வெற்றி பெறும். அந்தத் தைரியத்தோடு சி-க்கு வாருங்கள்.

‘எஃப்எஸ்யுடில் 8டாட்3நேம் குவரி சி:’ என்று கேட்டால் அந்த ட்ரைவில் என்ன வழக்கம் என்று சொல்லிவிடும். கேட்பதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை வேண்டும், அது உங்கள் அலுவலகத்தில் யாரிடம் இருக்கிறது என்று தேடுவதற்குள் வேலை நேரம் முடிந்துவிடும். அதே கருவியால் குட்டிப் பெயரை நிறுத்தவும் முடியும். நிறுத்தினால் இனிப் பிறப்பவற்றுக்குத்தான் பெயர் இல்லை, ஏற்கெனவே வைத்தது அப்படியே இருக்கும். இருப்பதையும் உரித்தெடுக்க வேறொரு கட்டளை உண்டு. சி-யில் அதை வலுக்கட்டாயமாக ஓட்டினால், ரெஜிஸ்ட்ரியில் எங்கோ ‘ப்ரோக்ரா~1’ என்று குட்டிப் பெயரையே முகவரியாக எழுதி வைத்திருக்கும் பழைய சாஃப்ட்வேர் வீடு தெரியாமல் தவிக்கும்.

பவர்ஷெல்லுக்கு மாறிவிட்டேன், எனக்கு இந்தத் தொல்லை இல்லை என்பவர்களுக்கும் வாய்ப்பு இருக்கிறது. விண்டோஸோடு வரும் பழைய பவர்ஷெல்லில் ‘-ஃபில்டர்’ என்று கேட்டால் அதே பழைய பொருத்தம்தான். ‘-இன்க்ளூட்’ என்று கேட்டால்தான் நாலாவது எழுத்தை மதிக்கும். டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கின் ஆவணத்தில் இதை மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது: மூன்றெழுத்து வாலைத் தேடினால் அந்த மூன்றெழுத்தில் தொடங்கும் நீள வால்களும் வரும் என்று. எழுதி வைத்தாயிற்று, இனிப் படிக்காதவன் பாடு.

லினக்ஸ்காரர் குறுக்கிட்டால்

ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். “லினக்ஸ்ல இதெல்லாம் கிடையாது சார்” என்பார். உண்மைதான், அங்கே குட்டிப் பெயர் இல்லை. அங்கே நட்சத்திரத்தைப் பிரித்துப் பெயர்களாக மாற்றுவது ஷெல்லின் வேலை. 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்து யூனிக்ஸில் இதற்கென்றே குளோப் என்று தனி புரோகிராம் வைத்திருந்தார்கள். கட்டளைக்கு நட்சத்திரம் போய்ச் சேராது, விரித்த பெயர்ப் பட்டியல்தான் போகும். ஃபோல்டரில் ஏதோ ஒரு புண்ணியவான் ‘-ஆர்எஃப்’ என்ற பெயரில் ஒரு ஃபைல் வைத்திருந்தால், ‘ஆர்எம் *’ அதைப் பெயராகப் பார்க்காது, உத்தரவாக எடுத்துக்கொண்டு உள்ளே இருக்கும் ஃபோல்டர்களையும் சேர்த்துத் துடைக்கும். ‘ஆர்எம் *.ஓ’ என்று தட்டும்போது நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவே கட்டைவிரல் இடைவெளிப் பட்டனில் பட்டுவிட்டால் இன்னும் விசேஷம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ‘.ஓ’ என்ற பெயரில் ஃபைல் எதுவும் இல்லையே என்று குறைபட்டுக்கொள்ளும்.

அவரிடம் இதையெல்லாம் சொல்லாதீர்கள். அவருக்கும் ஒரு மார்ச் மாதம் வரட்டும்.

சரியாகத்தான் செய்வேன் என்பவர்களுக்கு

கையேட்டின் நோக்கத்துக்கு விரோதமானது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். டெல் என்று தட்டும் முன்பு அதே வரியை டிர் என்று தட்டிப் பாருங்கள். எண்ணிக்கை கடைசியில் வரும். 412 எதிர்பார்த்த இடத்தில் 824 என்று வந்தால் எழுந்து போய் ஒரு டீ குடியுங்கள். இன்னும் நயமாக வேண்டுமென்றால் ‘டிர் /பி’ என்று வெறும் பெயர்ப் பட்டியலை எடுத்து, குழாய்க் குறி போட்டு ஃபைண்ட்ஸ்டிருக்கு அனுப்பி, ‘/இ’ சேர்த்து, வரி இந்த வாலோடு முடிந்தால் மட்டும் காட்டு என்று கேட்கலாம். அது முழுப்பெயரை எழுத்தாகப் படிக்கும், ஜாதகம் பார்க்காது. அழிப்பதற்கு ‘ஃபார்’ கட்டளையில் ஒவ்வொரு ஃபைலாக எடுத்து, அதன் வாலைத் தனியே பிரித்து, எக்ஸ்எல்எஸ்தானா என்று ‘இஃப்’ போட்டுப் பார்த்து, ஆமென்றால் மட்டும் அழிக்கச் சொல்ல வேண்டும். முதலில் வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு அங்கே நிதானமாக அழிக்கலாம் என்று நினைத்தால், நகர்த்தும் கட்டளையும் அதே நட்சத்திரத்தைத்தான் பார்க்கிறது. எல்லாம் சேர்ந்தே நகரும்.

‘டெல் /பி’ என்று கொடுத்தால் ஒவ்வொரு ஃபைலுக்கும் அழிக்கவா என்று கேட்கும். நல்ல ஏற்பாடு. முதல் இருபதுக்குப் படித்துப் பார்த்து ஒய் தட்டுவீர்கள். அதற்குப் பிறகு ஒய், என்டர், ஒய், என்டர் என்று தையல் மிஷின் மாதிரி ஓடும்.

எங்கள் 412 திரும்பக் கிடைத்ததா என்று கேட்பீர்கள். அக்காவின் கைப்பையில் ஒரு பென் டிரைவ் இருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் அதன் மூடியில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் கிளம்பும்போது தினமும் மவுஸால் இழுத்து அதில் போட்டு வைப்பார், அலுவலகத்தில் யாரும் சொல்லிக் கொடுக்காத பழக்கம். கடைசி மூன்று நாள் மாற்றியவை மட்டும் அதில் இல்லை, காய்ச்சலில் லீவு. அந்த 38 ஃபைல்களை மறுபடி உருவாக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. சார் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். எனக்கு வாங்கிய பொட்டலத்தில் லெக் பீஸ் இல்லை.

சில மாதம் கழித்து, வங்கி இணையதளத்திலிருந்து இறக்கிய எச்டிஎம் ஃபைல்கள் ஒரு ஃபோல்டரில் மலையாகச் சேர்ந்துவிட்டன. எச்டிஎம்எல் வாலில் வேண்டியவை சிலவும் அதிலேயே இருந்தன. அக்கா களைந்துகொண்டிருந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இந்த முறை டிர் போட்டு எண்ணிக் காட்டினேன். ஃபைண்ட்ஸ்டிரை விளக்கினேன். ஃபார், இஃப் எல்லாம் போட்டு ஒரு வரி எழுதி, ஒவ்வொரு சொல்லும் என்ன செய்கிறது என்று திரையில் விரல் வைத்துச் சொன்னேன். அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டு அந்த வரியை முழுக்கப் படித்தார்.

“இதுல நட்சத்திரம் இருக்கா தம்பி?”

“இருக்குக்கா. ஒண்ணே ஒண்ணு. ஆனா...”

“வேண்டாம்ப்பா,” என்று மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “நான் ஒவ்வொண்ணா அழிச்சுக்கறேன்.”